இரண்டாவது பை

மறுநாள் மதியப் படகில் கிளம்பியாக வேண்டும். பிரசவத்துக்கு இன்னும் நாள் இருந்தது. ஆனாலும் நவம்பர் மாதக் கடலை நம்பி அந்தத் தீவில் எந்தப் பெண்ணும் கடைசிவரை வீட்டில் உட்கார்ந்திருப்பதில்லை. முன்னதாகவே தலைநகரான டோர்ஸ்ஹவுனுக்குப் போய், மருத்துவமனைக்குப் பக்கத்தில் அறை எடுத்துத் தங்கிவிடுவார்கள். சுன்வாவுக்கும் அறை சொல்லியாயிற்று. பை மட்டும் கட்டிலின் மேல் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது.

தனக்கு வேண்டியதை அவள் எப்போதோ எடுத்து வைத்துவிட்டாள். குழந்தையின் துணிக்கு வரும்போதுதான் கை நின்றுபோகும். துவைத்து உலர்த்திய குட்டிச் சட்டைகள் நாற்காலியில் குவிந்து கிடந்தன. ஒன்றை எடுப்பாள், மடிப்பாள், உள்ளே வைக்கக் குனிவாள். பையின் அடியில் வேறு துணிகள் தெரியும். காதை மூடும் வெள்ளைத் தொப்பி, கட்டைவிரல் அளவுக் காலுறை, ஓரத்தில் பின்னல் வைத்த போர்வை. கண்ணை மூடித் திறந்தால் ஒன்றும் இருக்காது. புதுப் பை. கடை வாசனைகூடப் போகவில்லை.

அவள் கண்ணுக்குத் தெரிந்த துணியெல்லாம் அக்காள் மரியுனின் பையில் போனவை. நான்கு வருடத்துக்கு முன் அந்தப் பையைக் கட்டிக் கொடுத்தவள் சுன்வாதான். நிறைமாத வயிற்றோடு மரியுன் கட்டிலில் சாய்ந்துகொண்டு அதை எடு, இதை வை என்று அதிகாரம் செய்ய, இவள் மடித்து மடித்து அடுக்கினாள். இருவரும் சிரித்த சிரிப்பில் கீழே இருந்தவர்கள் மாடிக்கு வந்து பார்த்தார்கள். மூன்றாம் வாரம் அதே பையைத் தூக்கிக்கொண்டு மரியுன் படகிலிருந்து இறங்கினாள். குழந்தை உயிரில்லாமல் பிறந்திருந்தது. அடக்கம் டோர்ஸ்ஹவுனிலேயே முடிந்துவிட்டது. ஊர் மொத்தமும் துறையில் நின்றது. யாரோ பையை வாங்கக் கை நீட்டினார்கள். அவள் தரவில்லை.

அன்றிலிருந்து சுன்வாவுக்குத் தன் கைமேல் ஒரு பயம். ராசியில்லாத கை என்று யாரும் சொன்னதில்லை. அவளாகவே சொல்லிக்கொண்டாள்.

"என்ன, இன்னும் அப்படியே கெடக்கு?" கணவன் ஹெக்னி உள்ளே வந்தான். "நகரு, நான் கட்டுறேன்."

அவன் கட்டிய லட்சணம், முதலில் அவனுடைய தடித்த காலுறை உள்ளே போனது. அப்புறம் காபி பிளாஸ்க். அப்புறம் துணியில் சுற்றிய காய்ந்த ஆட்டுத்தொடை.

"நாம பிள்ள பெக்கப் போறோமா, மீன் பிடிக்கப் போறோமா?" என்றாள் சுன்வா.

"அங்க காபின்னு ஒண்ணு ஊத்துவாங்க பாரு, அதக் குடிச்சா உனக்கு வலியே நின்னுடும்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவன் ஒரு குட்டிச் சட்டையைச் சுருட்டிப் பைக்குள் திணிக்கப் போனான்.

"அத வைக்காத!"

அவள் போட்ட சத்தத்தில் அவன் கை அப்படியே நின்றது. சட்டையைத் திரும்ப நாற்காலியில் வைத்தான். ஜன்னல் வழியே, விரிகுடாவின் அக்கரையில் தெரிந்த மரியுனின் வீட்டைப் பார்த்தான்.

"மரியுன்கிட்ட ஒரு தடவ போய்ட்டு வா, சுன்வா."

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போறது? வயித்துல இருக்கறதையே அவகிட்ட மறைச்சவ நான். கடையில யாரோ சொல்லித்தான் அவளுக்குத் தெரியும்."

"இப்ப மட்டும் அவளுக்குத் தெரியாதா, நீ நாளைக்குப் போறேன்னு? தெனமும் மாடியில வெளக்க ஏத்தி வச்சுக்கிட்டு இந்தப் பக்கந்தான் பாத்துட்டு நிக்கிறா."

அந்த விளக்கைச் சுன்வாவும் பார்த்திருக்கிறாள். பார்க்காதது போலத் திரையை இழுத்து விட்டிருக்கிறாள்.

கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். பொழுது அதற்குள் மங்க ஆரம்பித்துவிட்டது. சரிவில் ஆடுகள் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றன. வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, மறுகையால் வேலிக் கம்பியைப் பிடித்துப் பிடித்து நடந்தாள். விரிகுடாவைச் சுற்றிப் போகும் அந்தப் பாதை ஒருகாலத்தில் ஓட்டமாக ஓடிய பாதை. இப்போது ஒவ்வொரு அடிக்கும் யாரோ பின்னால் வருவது போலிருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

கதவு பூட்டியிருக்கவில்லை. "அக்கா" என்று கூப்பிட்டாள்.

"மேல வா." அவள் வருவாள் என்று தெரிந்திருந்த குரல்.

மாடி அறையில் தொட்டில் இல்லை. ஒரு கட்டில், ஒரு விளக்கு. கட்டிலின் மேல் அந்தப் பை திறந்திருந்தது. தான் அடுக்கிய அடுக்கு கலையாமல் இருப்பதைப் பார்த்ததும் சுன்வா கதவுநிலையைப் பிடித்துக்கொண்டாள். மரியுன் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உக்காரு. விழுந்து கிழுந்து வைக்காத. எங்க வீட்டுக்காரரும் கப்பல்ல போயாச்சு, உன்னத் தூக்க இங்க ஆளில்ல."

"இத இன்னும் பிரிக்கலையா நீ?"

"நீ மடிச்சது. கலைச்சுட்டா திரும்ப அப்படி மடிக்க வராது எனக்கு."

சுன்வா அழுதுவிட்டாள். வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்தது ஒன்றும் வாயில் வரவில்லை. "என் கை பட்டதாலதான்னு தோணுதுக்கா. நான் கட்டின பை. நான் சிரிச்சுக்கிட்டே கட்டினேன். இப்ப எம்புள்ளைக்குக் கட்ட உக்காந்தா இந்தத் துணியெல்லாம் கண்ணுக்குத் தெரியுது."

மரியுன் அவளையே பார்த்தாள். கோபம் வந்தால் சின்ன வயதிலிருந்தே அவள் மூக்கு நுனி சிவக்கும். இப்போதும் சிவந்தது.

"அடிப் பைத்தியமே. உன் கைக்கு அவ்வளவு சக்தியா? அப்ப நாளைக்குக் கடலத் தொட்டு அடங்கச் சொல்லு, படகு ஆடாமப் போகட்டும். நாலு வருஷமா இதத்தான் மனசுல வச்சுப் புழுங்கிட்டு இருந்தியா? உனக்கு என்னப் பாக்கப் பிடிக்கலன்னுல்ல நான் நெனச்சேன்."

கூரைக்கு மேல் காற்று உறுமியது. சுன்வாவின் கண் மறுபடி பைக்குப் போனது. மேல் அடுக்கில், போர்வைக்கும் தொப்பிக்கும் நடுவில், ஓரிடம் பள்ளமாக இருந்தது. அங்கே என்ன வைத்தோம் என்று யோசித்தாள். நினைவு வந்தது.

"பச்சைக் கம்பளிச் சட்ட எங்கக்கா?"

மரியுன் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"போட்டு விட்டேன். நர்ஸ் கேட்டா, ஏதாவது கொண்டாந்திருக்கியான்னு. மேலாப்புல அதான் இருந்துச்சு. கை மட்டும் கொஞ்சம் நீளம், ஒரு மடிப்பு மடிச்சு விட்டேன். அம்சமா இருந்தான்." அவள் தன் மணிக்கட்டைத் தடவிக்கொண்டாள். "ஊருல ஒருத்தரும் கேக்கல, சுன்வா. எப்படி இருந்தான், யாரு ஜாடை, என்ன போட்டு அனுப்பினேன், ஒண்ணுமே கேக்கல. பாவம்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க."

"யாரு ஜாடை?"

"நம்ம அப்பா மாதிரியே நெத்தி. மொறைச்சுக்கிட்டே பொறந்தான்."

"பேரு வச்சியா?"

"ரோய்."

சுன்வா அந்தப் பெயரை ஒருமுறை வாய்விட்டுச் சொன்னாள். மரியுனின் முகம் கோணியது. எழுந்து பையின் ஜிப்பை மெதுவாக இழுத்து மூடினாள். "இது அவனோடது. இதுலேர்ந்து உனக்கு ஒரு நூல்கூடத் தரமாட்டேன். நட, உன் பைய நான் கட்டுறேன்."

அன்று இரவு சுன்வாவின் வீட்டில் ஹெக்னியின் ஆட்டுத்தொடை முதலில் வெளியே வந்தது. "கசாப்புக் கடை வைக்கப் போறியாடா?" என்று மரியுன் அவனைப் பிடித்து உலுக்கி எடுத்தாள். காய்ந்த உதட்டுக்குத் தடவ எண்ணெய் வேண்டும், படுத்தபடி தண்ணீர் குடிக்க உறிஞ்சுகுழல் வேண்டும், கறை தெரியாமல் துண்டு கறுப்பாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லி வைத்தாள். குட்டிச் சட்டைகளை மட்டும் தொடவில்லை. நாற்காலியைத் தங்கையின் பக்கம் தள்ளினாள்.

"இத நீதான் வைக்கணும். உன் கையால."

சுன்வா வைத்தாள். பையின் அடியில் ரோயின் துணிகள் அப்போதும் தெரிந்தன. அக்காள் பக்கத்தில் நின்றதால் கண்ணை மூடாமல் அவற்றின் மேலேயே வைத்தாள்.

படகில் மரியுனும் வந்தாள். ஆனால் பரிசோதனைக்குப் போனபோது மருத்துவமனை வாசலோடு நின்றுவிட்டாள். "அந்த லிப்ட் கதவு மூடுற சத்தம்... என்னால ஆகாது" என்று அறைக்குத் திரும்பிவிட்டாள். வலி எடுத்துச் சுன்வா உள்ளே போனபோதும் அவள் வெளியே மழையில் நின்றதாக ஹெக்னி பிறகு சொன்னான்.

பெண் குழந்தை. வலி நீண்டது, ஆனால் சிக்கல் ஒன்றுமில்லை. இருந்தும் சுன்வாவுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. குழந்தை தூங்கும்போதெல்லாம் மூக்கருகே விரலை வைத்துப் பார்ப்பாள். மூச்சு படும். விரலை எடுத்ததும் மறுபடி சந்தேகம் வரும்.

மறுநாள் மரியுன் வந்தாள். படியேறி வந்திருக்கிறாள், மூச்சு வாங்கியது. கையைக் கழுவிவிட்டு, கேட்காமலே குழந்தையை வாங்கிக்கொண்டாள்.

"நல்ல கனம்" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "அவனும் இதே கனந்தான்."

சுன்வா தலையசைத்தாள். தூக்கம் கலைந்த குழந்தை முகத்தைச் சுருக்கி வீரிட்டு அழ ஆரம்பித்தது. பசி. சுன்வா இரு கைகளையும் நீட்டினாள்.

மரியுன் தரவில்லை. குனிந்து, தன் காதைக் குழந்தையின் வாய்க்கு வெகு அருகில் கொண்டுபோனாள்.

"கொஞ்சம் இரு" என்றாள். "இன்னும் கொஞ்சம் அழட்டும்."