மாடி அறையும் வஞ்சிரம் வறுவலும்

புரட்டாசி முடிந்த முதல் ஞாயிறு. சிதம்பரத்து மீன் கடைகளில் நின்ற கூட்டத்தைப் பார்த்தால், ஊரே ஒரு மாதமாகப் பட்டினி கிடந்தது போலிருந்தது. ராஜமாணிக்கமும் அந்தக் கூட்டத்தில் முட்டி மோதி வஞ்சிரம் வாங்கி வந்து மனைவி அமிர்தத்திடம் கொடுத்தார். பிறகு மாடி அறையைப் பார்க்க வரும் பெண்ணுக்காக வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

அறை என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். ஒரு கட்டில் போட இடம், ஓரத்தில் சமையல் மேடை, ஒரு பாத்ரூம், அவ்வளவுதான். சென்னையிலிருக்கும் மகன் இளவரசு அதை ‘ஸ்டுடியோ அபார்ட்மெண்ட், அமைதியான பகுதி’ என்று விளம்பரம் போட்டிருந்தான். அன்றிலிருந்து அவரும் அப்படித்தான் சொல்லி வந்தார். பகுதி அமைதியானதுதான், பொய் சொல்லக் கூடாது.

வந்தவள் பெயர் ஜோதிலட்சுமி. ஒரு தனியார் மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனை வேலை. காலை ஆறு மணிக்கு வார்டில் ரத்தம் எடுக்க நிற்க வேண்டும். தினமும் கடலூரிலிருந்து பஸ் பிடித்து வந்ததில் இதுவரை மூன்று முறை தாமதமாகிவிட்டது. இந்த மாதத்துக்குள் உள்ளூரில் இடம் பார்க்காவிட்டால் வேறு ஆள் போட்டுவிடுவோம் என்று சொல்லிவிட்டார்கள். ஏற்கெனவே நான்கு வீடுகளில், ‘எங்க சொந்தக்காரங்க குடி வர்றாங்க’ என்ற பதிலோடு திரும்பியிருந்தாள். எல்லார் வீட்டுக்கும் ஒரே நேரத்தில் எப்படித்தான் சொந்தக்காரர்கள் வருகிறார்களோ.

அறை அவளுக்குப் பிடித்துவிட்டது. ராஜமாணிக்கத்துக்கும் அவளைப் பிடித்துவிட்டது. பிறகு வழக்கமான விசாரணை ஆரம்பித்தது. சாதி என்ன என்று நேராகக் கேட்க அவருடைய நாகரிகம் இடம் தராது. அதனால் ஊரைக் கேட்டார்.

“கடலூர்ல எங்கம்மா?”

“துறைமுகத்துப் பக்கம் சார்.”

“நமக்கு கீரப்பாளையம். வெவசாயக் குடும்பம். ஒங்கப்பா என்ன பண்றாரு?”

“போட்டுக்குப் போறாரு சார். மீன் புடிக்க.”

ராஜமாணிக்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “தப்பா நெனைக்காதம்மா. சின்ன எடம். கவுச்சி வாடை ஜாஸ்தி அடிக்கும். அக்கம்பக்கத்துல எல்லாம் டீசன்ட்டான ஆளுங்க.”

அந்த நேரம் பார்த்தா சமையலறையில் வஞ்சிரம் எண்ணெயில் விழ வேண்டும்? வாசனை வாசலைத் தாண்டித் தெருவுக்கே போனது.

ஜோதிலட்சுமி சமையலறைப் பக்கம் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னாள். “மீன் கூடாதுன்னா நான் சமைக்க மாட்டேன் சார். இந்த எடம் கெடைக்கலன்னா எனக்கு வேலையே போயிடும். ஆனா எங்க ஆளுங்கதான் வேணாம்னா, அத நேராவே சொல்லிடுங்க. நாலு வீட்டுல யாரும் சொல்லல. தெரிஞ்சா அடுத்த வீட்டுல நாங்க யாருன்னு வாசல்லயே சொல்லிக்குவேன். நேரமாவது மிச்சமாவும்.”

மனதுக்குள் வைத்திருந்தவரை ராஜமாணிக்கத்துக்கு அது நியாயமாகத்தான் தெரிந்தது. ஒரு பெண்ணின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று வந்தபோது கூசியது.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அமிர்தம் கரண்டியோடு வந்து நின்றாள்.

“என்னங்க, புரட்டாசி எப்ப முடியும்னு ஒரு மாசமா காலண்டரையே பாத்துக்கிட்டு இருந்தீங்க. அவுங்கப்பா மாதிரி ஆளுங்க கடல்ல போயி புடிச்சாந்த மீனு நம்ம தட்டுல வரலாம், அவுங்க பொண்ணு நம்ம மாடியில இருக்கக் கூடாதா?”

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். நின்றால் மீன் கருகிவிடும்.

ராஜமாணிக்கம் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து ஜோதிலட்சுமியிடம் நீட்டினார்.

“மன்னிச்சுக்கம்மா. வீட்டுக்காரன் வாடகை கேக்கலாம், தண்ணிய வீணாக்காதேன்னு சொல்லலாம். என்ன சாதின்னு தோண்டிப் பாக்க எனக்கு என்ன உரிமை இருக்கு? நேரா கேட்டாலும் தப்புதான், ஊரக் கேக்குற மாதிரி கேட்டாலும் அதே தப்புதான்.”