மிதவையில் போட்ட கரும்புக் கட்டு

தாண்டவராயன் திண்டிவனத்தில் மரக்காணம் பஸ் ஏறும்போதே படகு முதலாளி சுப்பராயலு போன் பண்ணிவிட்டார்.

“அந்தப் பொண்ணு கேட்டா, டியூப்பு போட்டோம், அவன் புடிக்கலன்னு சொல்லிடு. வேற எதுவும் பேசாத. பேஜாராயிடும்.”

“சரிங்க” என்றான் தாண்டவராயன்.

காணை கிராமத்தில் கரும்பு வெட்டுகிறவன் அவன். ஆலை ஓடாத மாதங்களில் கடல் வேலைக்குக் கூட்டிப்போனவன் பெருமுக்கல் ஊர்க்காரன் சகாயராஜ். இருவருக்கும் நீச்சல் தெரியாது. ஆள் விழுந்தால் வீசுவதற்குப் படகில் ஓர் ஆரஞ்சு மிதவை வளையம் இருந்தது; டியூப்பு என்பார்கள். முன்பு இருந்ததை எவனோ திருடிவிட்டான். “இதையாவது நல்லா கட்டுடா” என்றார் முதலாளி. தாண்டவராயன் அதைப் படகோடு கரும்பைக் கட்டுகிற மாதிரியே முறுக்கிச் சொருகி இறுக்கினான். அந்த முடிச்சை ஆலையில் அரிவாளால்தான் அறுப்பார்கள். சகாயராஜ் இழுத்துப் பார்த்துச் சிரித்தான். “யோவ், சாத்தானே வந்தாலும் அவுக்க முடியாதுய்யா.”

போன செவ்வாய் காலை, வலை இழுக்கையில் சகாயராஜ் கடலில் விழுந்தான். தாண்டவராயன் வளையத்துக்கு ஓடினான். உப்புத்தண்ணீரில் ஊறிய கயிறு கல்லாக இருந்தது. நகம் பிய்ந்தது. பல்லால் கடித்து இழுத்தான். கத்தி ஐஸ் பெட்டிப் பக்கம் கிடந்தது. அதை எடுத்துவந்து அறுத்து வீசியபோது தண்ணீருக்கு மேலே தலை இல்லை.

பெருமுக்கலில் சகாயராஜின் மனைவி பிரபாவதி வாசலில் உட்கார்ந்து கூலிக்கு மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள்.

“வாண்ணே. அடக்கத்துக்குக் கூட வரல நீ.”

“ஒடம்பு சரியில்ல தங்கச்சி.”

“மொதலாளி வந்தாரு. இவரு குடிச்சிட்டு இருந்தாராம், டியூப்பு போட்டும் புடிக்கலியாம். ஊரே பேசிக்கினு இருக்கு. பொண்ணு அஸ்வினி ஸ்கூலுக்குப் போவமாட்டேங்குது. நீ பக்கத்துல இருந்தவன், சொல்லு. குடிச்சிருந்தாரா?”

“இல்லம்மா. டீதான் குடிச்சான்.”

“அப்போ டியூப்ப ஏன் புடிக்கல?”

தாண்டவராயன் பையிலிருந்து அறுந்த கயிற்றை எடுத்தான். முடிச்சு அப்படியே இருந்தது.

“இத அவுத்துப் பாரு.”

அவள் நகத்தால் நோண்டினாள். பல்லில் வைத்து இழுத்தாள். அசையவில்லை.

“யாரு கட்டுனது?”

“நான்தான்.”

உரித்த வேர்க்கடலை முறத்திலிருந்து சரிந்தது. அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. கயிற்றை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

“அஸ்வினி, செருப்பப் போடு. ஸ்டேஷனுக்குப் போறோம். அவரு குடிக்கலன்னு இந்தாளு அங்க சொல்லட்டும்.”

“என்னத்தான் புடிச்சி உள்ள போடுவாங்க தங்கச்சி.”

“போடட்டும். நட.”

அவன் பையில் போன் அடித்தது. சுப்பராயலு. எடுக்காமல் நடந்தான்.