ஒடுக்க வாசலில் ஃபீஃபி அமிசா

சவப்பெட்டியின் கால்மாட்டுப் பக்கம் வாசலுக்குள் சுலபமாக நுழைந்தது. தோள்பட்டை அகலம் வந்ததும் மாட்டிக்கொண்டது. முன்னால் பிடித்திருந்த இருவர் வெளியே கடற்கரையில் நின்றார்கள், மற்ற நால்வர் கோட்டையின் இருட்டறைக்குள்.

"சாய்ச்சுப் பிடிங்கடா!" என்று கத்தினாள் மான்சா அத்தை.

"சாய்ச்சா பெரியவர் உள்ள உருளுவாரும்மா," என்றான் எபோ. பெட்டிக்குள் கிடந்த அமிசாவுக்குக் கீழே அந்தக் கோட்டையில் வேலை பார்த்த வழிகாட்டி அவன்.

"உசுரோட இருக்கறப்பவும் என் தம்பி உருண்டுதான் நடந்தான். ஒண்ணும் ஆகாது, சாய்!"

அமிசாவின் மகள் அராபா, துக்கத்துக்கு உடுத்தியிருந்த சிவப்புத் துணியை வாயில் அழுத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே பிடிபடவில்லை. "என்னை அந்த வாசல் வழியா எடுத்துட்டுப் போங்க" என்று ஆஸ்பத்திரியில் அப்பா சொன்னபோது கண்ணடித்தார். அதை அவள் பார்த்தாள், அத்தை பார்க்கவில்லை. அத்தைக்கு அது கடைசி ஆசை ஆகிவிட்டது.

அடிமை வியாபாரம் நடந்த காலத்தில், பிடித்துவந்த மனிதர்களை ஒவ்வொருவராகக் கப்பலுக்கு அனுப்பவென்றே ஒடுக்கமாகக் கட்டிய வாசல். பட்டினி போட்டு மெலிந்த உடம்புக்குத்தான் அது அளவு. அமிசாவோ மூன்று வேளையும் புளித்த சோளமாவில் அவித்த கென்கே உருண்டையும் பொரித்த மீனும் தின்றவர். இரண்டு தெரு தள்ளிப் பிறந்தும் அராபா இன்றுதான் முதல்முறையாக உள்ளே வந்திருக்கிறாள். ஊர்க்காரர்களுக்குக் கோட்டை என்பது வெளியூர்க்காரர்கள் வந்து அழுகிற இடம்.

அவர்களும் அப்போது வந்துவிட்டார்கள். அமெரிக்காவிலிருந்து வந்த கறுப்பினத்தவர், இருபது பேர். படியிறங்கும்போதே பலருக்குக் கண் கலங்கியிருந்தது. பெட்டியைக் கண்டதும் அப்படியே நின்றார்கள்.

தொப்பிக்காரர் ஒருவர் மெதுவாகக் கேட்டார்: "இது... நடிச்சுக் காட்டறதா?"

"இல்லீங்க, நிஜமான பிணம்," என்றான் எபோ.

அராபாவுக்குக் கூசிப்போனது. கடல் தாண்டி, தலைமுறை தாண்டி, முன்னோர் கப்பலேறிய இந்த வாசலைத் தேடி வந்தவர்களுக்கு முன்னால் அப்பா அதை அடைத்துக்கொண்டு கிடக்கிறார். "மன்னிச்சுக்குங்க, இப்ப எடுத்துடுவோம்," என்றாள்.

நரைத்த முடியைப் பின்னியிருந்த ஒரு பெண் பக்கத்தில் வந்தாள். "யாரும்மா இவர்?"

"எங்க அப்பா. இங்க வழிகாட்டியா இருந்தார், முப்பத்தோரு வருஷம்."

"இந்த வாசலுக்குத் தினமும் வருவாரா?"

"நாலு தடவை வருவார்."

"நாலு தடவையும் திரும்பிப் போயிடுவாரா?"

"மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒருநாளும் தவறினதில்லை," என்றாள் அராபா.

அந்தப் பெண் சட்டென்று சிரித்துவிட்டாள். அழுதுகொண்டிருந்தவர்களில் இரண்டு பேருக்குக்கூடச் சிரிப்பு வந்தது. அவள் கைப்பையைத் தரையில் வைத்துவிட்டுப் பெட்டியின் மூலையைப் பிடித்தாள்.

"இந்தப் பக்கமா போன எங்க ஆளுங்க யாரும் திரும்பி வரல. அப்ப இவரை ஏன் இப்படி அனுப்பறீங்க? வந்த வழியே கூட்டிட்டுப் போங்க."

அத்தை வாயைத் திறந்தாள். "அவன் கடைசி ஆசை..."

"அப்பா கண்ணடிச்சார், அத்தை," என்றாள் அராபா.

அத்தை தம்பியின் பெட்டியை முறைத்தாள். "செத்தும் என்னை முட்டாளாக்கறான் பாரு. இழுங்கடா!"

தொப்பிக்காரரும் கைகொடுத்தார். ஒரே இழுப்பில் பெட்டி கிறீச்சென்று விடுபட்டது. முன்பின் அறியாதவர்களின் தோளில் ஏறி ஃபீஃபி அமிசா படி ஏறினார். பின்னாலேயே அத்தை, "தலை! தலை! நிலையில இடிக்காதே!" என்று அதட்டிக்கொண்டே போனாள். மேலே முற்றத்தில் சவ ஊர்வலத்துக்காகக் காத்திருந்த பேண்டு வாத்தியம் தப்பான பாட்டோடு தொடங்கி, நின்று, சரியானதற்கு மாறியது.

அராபா மட்டும் கீழே நின்றாள். வாசல் கல்லில் பெட்டியின் தங்க வர்ணம் ஒரு கோடாக ஒட்டியிருந்தது. துணி நுனியை எச்சிலில் நனைத்து இரண்டு முறை தேய்த்துப் பார்த்தாள். பிறகு விட்டுவிட்டாள்.