இருபத்தொன்பதாம் ஆட்டத்தின் பக்கம்

1

இந்தக் கதை ஒரு பொய்யில் தொடங்கியது. பொய் சொன்னவள் நான்.

மார்ச் மாதத்து ஞாயிறு, மாலை ஐந்தரை, மருத்துவமனையின் நான்காவது மாடி. "ரெண்டுக்கு ஒண்ணு. ஜெயிச்சுட்டோம்" என்று என் கணவர் பெரென்டிடம் சொன்னேன். உண்மையில் மூன்றுக்குப் பூஜ்யம். எங்கள் ஊர்க் கால்பந்து அணி சொந்த மைதானத்தில் தோற்றிருந்தது. அடுத்த வியாழக்கிழமை அவர் இறந்துபோனார்.

வேறு மாதிரி தொடங்கவும் பார்த்தேன்:

ஆகஸ்டு மாதத்தின் முதல் ஞாயிறு, புதிதாய் வெட்டிய புல்லின் வாசனை எங்கள்

(நிறுத்திவிட்டேன். புல்லின் வாசனை எங்கள் வரிசைக்கு எட்டியதே இல்லை. எட்டியதெல்லாம் பொரித்த வெங்காயமும் ஈரக் கோட்டும்தான்.)

2

பெரென்ட் பால் தொழிற்சாலையில் கொழுப்பு அளந்து பார்க்கும் வேலையில் இருந்தவர். நாற்பத்தொரு சீசன்களுக்கு நாற்பத்தொரு நோட்டுப் புத்தகங்கள் வைத்திருந்தார். ஓர் ஆட்டத்துக்கு ஒரு பக்கம். காற்று எந்தப் பக்கம், கோல் யார், மஞ்சள் அட்டை யாருக்கு, இடைவேளையில் விற்ற பட்டாணி சூப் எவ்வளவு கெட்டி. சூப்புக்கு மூன்றே மதிப்பெண்கள்: கரண்டி நின்றது, கரண்டி சாய்ந்தது, கரண்டி விழுந்தது. பிறகு அந்த ஆட்டத்தைப் பற்றி ஒரே ஒரு வரி. நேரில் பார்க்காத ஆட்டமென்றால் பக்கத்தின் அடியில் யார் சொல்லக் கேட்டது என்று குறிப்பார்: 'வானொலி சொல்லி'. 'பத்திரிகை சொல்லி'. ஒருமுறை, 'பல் டாக்டர் சொல்லி'.

இப்போது அந்த நோட்டுகளை ரசிகர் சங்கம் கேட்கிறது. புதிய பார்வையாளர் கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கப் போகிறார்களாம். சங்கச் செயலாளர் ட்ரைன்ட்யே தொலைபேசியில் சொன்னாள்: "ஹில்லிக்கா, நம்ம கழகத்துக்கிட்டயே இவ்வளவு சுத்தமான ரெக்கார்டு கிடையாது. இதுல இருக்கறதுதான் இனிமே சரித்திரம். சனிக்கிழமை காலைல நானே வந்து வாங்கிக்கறேன்."

இன்று சனிக்கிழமை. கடைசி நோட்டில், இருபத்தொன்பதாம் ஆட்டத்தின் பக்கத்தில், பெரென்டின் நடுங்கிய கையெழுத்தில் நான் சொன்ன பொய் இருக்கிறது. அதைத் திருத்திக் கொடுப்பதா, அப்படியே கொடுப்பதா? இந்தக் கதைக்கு இது ஒன்றுதான் கேள்வி.

3

அன்று நடந்தது இது. காதில் மாட்டும் கருவி வலிக்கிறது என்று அந்த வாரம் வானொலியை நிறுத்திவிட்டிருந்தார்.

"நீ போ. போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு."

"உன்னை விட்டுட்டா?"

"நான் எங்க ஓடிடப் போறேன்? சூப்பை மறந்துடாத."

போனேன். பார்க்கவில்லை. தொண்ணூறு நிமிடமும் கைபேசியை மடியில் வைத்துக்கொண்டு, மருத்துவமனையிலிருந்து அழைப்பு வருமா என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மைதானத்தைச் சுற்றி மூன்று முறை பெருமூச்சு எழுந்தது. அதுதான் எனக்குத் தெரிந்த ஆட்டம். அன்று ஜெயித்தால் மேல்பிரிவுக்குப் போக ஆட வேண்டிய பிளே-ஆஃப் சுற்று ஏறக்குறைய உறுதி என்று அவர் ஒரு வாரமாய்ச் சொல்லிக்கொண்டிருந்தார். கதவைத் திறந்ததும் தலையணையிலிருந்து அந்த முகம் என் பக்கம் திரும்பியது.

அந்த முகம் எப்படி இருந்ததென்றால்

(இதை நான்கு முறை எழுதி நான்கு முறையும் அடித்துவிட்டேன். இருக்கட்டும்.)

"கோல் யாரு?" என்றார்.

வாய்க்கு வந்த ஒரே பெயர் எங்கள் முன்வரிசை ஆட்டக்காரன் டெஸ்லியுடையது. "டெஸ்லி. ரெண்டும் அவன்தான்."

சற்று நேரம் என்னையே பார்த்தார். பிறகு, "நோட்டை எடு" என்றார். பென்சிலை நான் பிடித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. "சூப்பு?"

"கரண்டி விழுந்துடுச்சு."

அது மட்டும் நிஜம்.

4

லாமெர்ட்டை இந்தக் கதையில் சேர்ப்பதா என்று இரண்டு நாள் யோசித்தேன். மைதானத்தில் எங்கள் பக்கத்து இருக்கைக்காரன், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், அழ வேண்டிய இடத்தில் சிரிக்கவைப்பவன். துக்கத்தைப் பற்றி எழுதும்போது இப்படிப்பட்டவர்களை ஓரமாக உட்கார வைக்கத் தோன்றும். ஆனால் அவன் இல்லாமல் கதை நகராது.

மறுநாள் அவரைப் பார்க்க வந்தான். வராந்தாவிலேயே மறித்து, "ஜெயிச்சோம்னு சொல்லியிருக்கேன்" என்றேன். தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனான்.

"எப்படிடா இருக்க, கெழவா?"

"உன்னைவிட அழகா. ஆட்டம் எப்படி?"

"ஆட்டமா... நல்ல காத்து."

"டெஸ்லி ரெண்டு போட்டானாமே?"

லாமெர்ட் என்னைப் பார்த்தான், ஜன்னலைப் பார்த்தான், பிறகு நீளமாக இருமினான். "ஆமா. டெஸ்லி. பிரமாதம்."

"பஸ் ஓட்டினப்பவும் நீ இப்படித்தான். எந்த ஸ்டாப்புன்னு கேட்டா ஆகாசத்தப் பாப்ப."

இருவரும் சிரித்தார்கள். லாமெர்ட்டுக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை என்று மட்டும் நினைத்துக்கொண்டேன். அதன் பிறகு பெரென்ட் செய்தித்தாள் கேட்கவில்லை. என் அதிர்ஷ்டம் என்று அதையும் நினைத்துக்கொண்டேன்.

5

அவருக்கு வயது அறுபத்தெட்டு. அடக்கத்துக்குப் பிறகு எங்கள் மைதானத்தில் நடந்த முதல் ஆட்டத்தில், அறுபத்தெட்டாவது நிமிடம் கிழக்கு வரிசை முழுக்க எழுந்து நின்று கைதட்டியது. எங்கள் வழக்கம் அது. இறந்தவரின் வயது எந்த நிமிடமோ, அந்த நிமிடம் முழுக்கக் கைதட்டல். நடுவில் நிறுத்தக் கூடாது.

அந்த நிமிடத்தில்தான் எதிரணிக்காரன் கோல் போட்டான். யாரும் நிறுத்தவில்லை. ஊரே எழுந்து நின்று தனக்குக் கைதட்டுவதைப் பார்த்த அந்தப் பையன், எந்தப் பக்கம் ஓடிக் கொண்டாடுவதென்று தெரியாமல் மூலைக்கொடியின் அருகே நின்றுவிட்டான்.

லாமெர்ட் கண்ணீர் வழியக் கைதட்டிக்கொண்டே கத்தினான்: "பெரென்ட்! பாவி! போயும் ஒரு கோல் குடுக்க வச்சுட்டியேடா!"

(கதைக்காக ஜோடித்தது என்று நீங்கள் நினைக்கலாம். முப்பத்தொன்றாம் ஆட்டத்தின் பக்கத்தில் என் கையெழுத்தில் இருக்கிறது: '0-1, 68ஆம் நிமிடம். கரண்டி நின்றது.')

மீதி ஆட்டங்களையெல்லாம் நான்தான் எழுதினேன். சீசன் முடிந்தபோது ஒன்பதாம் இடம். பிளே-ஆஃபுக்கு எட்டாம் இடம் வேண்டும். இரண்டு புள்ளிகள் குறைந்துவிட்டன. பெரென்டின் நோட்டுப்படி எங்களுக்கு ஒரு வெற்றிக்கான மூன்று புள்ளிகள் கூடுதல். ஊரே தலை குனிந்து மைதானத்தை விட்டு வெளியேறிய அன்று, பிளே-ஆஃபுக்குப் போன அணி என் கைப்பையில் இருந்தது. இறுதிப் பட்டியலுக்கான பக்கத்தை நான் இன்னும் எழுதவில்லை.

6

இந்த இடத்தில் கதையை முடிக்கத் திட்டமிட்டிருந்தேன். ரப்பரால் பொய்யை அழித்து, 0-3 என்று எழுதி, கண்ணீர்த்துளி ஒன்று

(இல்லை. கண்ணீர்த்துளி வேண்டாம்.)

நேற்று, மூன்றாம் பகுதியை எழுதும்போது ஒரு தேதியைச் சரிபார்க்க நோட்டைத் திறந்தேன். இருபத்தொன்பதுக்கு முந்தைய பக்கம் கண்ணில் பட்டது. வெளியூர் ஆட்டம், அப்போது அவருக்கு வானொலி இருந்தது. மஞ்சள் அட்டை வரிசையில் அவர் எழுதியிருந்தார்: 'டெஸ்லிக்கு ஐந்தாவது. அடுத்த ஆட்டத்தில் கிடையாது. முட்டாள்.' முட்டாளின் அடியில் இரண்டு கோடுகள்.

அதை இரண்டு முறை படித்தேன். பிறகு லாமெர்ட்டை அழைத்தேன்.

"அன்னைக்கி டெஸ்லி ஆடவே இல்லையா?"

"எங்களுக்குப் பின்னாடி, மேல் வரிசையில உக்காந்து சூயிங்கம் மென்னுட்டு இருந்தான், ஹில்லி. நீ திரும்பியே பாக்கல."

"அப்படீன்னா பெரென்ட்..."

"நீ வாயத் தெறந்தவுடனே அவனுக்குத் தெரிஞ்சிருக்கும். எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியும். உனக்குத்தான் தெரியல."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"அவன் சொல்லலையே. நான் யாரு சொல்றதுக்கு?"

7

நாற்பத்தொரு வருடத்தில் காற்றின் திசையைக்கூட ஊகித்து எழுதாதவர் அவர். சந்தேகம் வந்தால் அந்தக் கட்டத்தைக் காலியாக விடுவார். பொய் என்று தெரிந்தும் ஏன் எழுதினார்? என்னைக் காப்பாற்றவா? என் முகத்திலும் அவர் எதையாவது பார்த்தாரா?

இன்று காலை பக்கத்தின் அடியைப் பார்த்தேன். இத்தனை நாளும் கண்ணில் படாதது. மேலே இருந்த எண்களையே வெறித்துக்கொண்டிருந்திருக்கிறேன். மெல்லிய பென்சிலில் இரண்டு சொற்கள்:

'ஹில்லி சொல்லி.'

அவர் பொய் எழுதவில்லை. கேட்டதை, யாரிடம் கேட்டாரோ அவர் பெயரோடு, எப்போதும் போல எழுதியிருக்கிறார். நான் திருத்தினால், அவர் எழுதிய சரியான பக்கம் ஒன்றை அழிப்பேன். திருத்தாவிட்டால், கண்ணாடிப் பெட்டிக்குள் என் பெயரும் என் பொய்யும் ஊர் பார்க்கக் கிடக்கும்.

ட்ரைன்ட்யே வர இன்னும் இருபது நிமிடம் இருக்கிறது. மேசைமேல் நோட்டு, ரப்பர், பென்சில். என்ன செய்தேன் என்று இங்கே சொல்லப்போவதில்லை. என் சொல்லைக் கேட்டு எழுதிய பக்கம் என்ன ஆனது என்று பார்த்துவிட்டீர்கள்.

அந்தப் பக்கத்தில் இன்னொன்றும் இருக்கிறது. ஆட்டத்தைப் பற்றி எழுத வேண்டிய அந்த ஒரு வரி. நாற்பத்தொரு நோட்டுகளிலும் அது காலியாக இருப்பது இங்கே மட்டும்தான். என்னால் நிரப்ப முடியவில்லை. நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். ஜெயித்தோம் என்றோ, தோற்றோம் என்றோ. யார் சொல்லக் கேட்டீர்கள் என்பதை மட்டும் அடியில் குறித்துவிடுங்கள்.