ஆண்கள் வார்டு உட்பட

1

இந்தக் கதை ஒரு பேனாக் கோட்டிலிருந்து வந்தது. அந்தக் கோட்டைப் போட்டவருக்குக் கோதண்டபாணி என்று பெயர் வைத்திருக்கிறேன். அவர் நான்தான் என்று யாராவது நினைத்தால் மறுக்கப் போவதில்லை. ‘நான்’ என்றே எழுதிப் பார்த்தேன். மூன்றாவது வரியிலேயே எனக்கு நானே நியாயம் பேசத் தொடங்கிவிட்டேன். ‘அவர்’ என்று தள்ளி நிறுத்தினால் ஓரளவு உண்மை வருகிறது.

(வீட்டு விஷயத்தை வெளியே பேசுவது எங்கள் குடும்பத்தில் வழக்கமில்லை. ஆகவே எல்லாப் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். பிள்ளையார்பாளையம் என்று மட்டும் சொல்வேன். எந்தத் தெரு என்று தேட வேண்டாம்.)

2

முதல் தொடக்கம்: “காஞ்சிபுரத்தில் பட்டோடு மானமும் சேர்த்தே நெய்யப்…” வேண்டாம். மேடைப் பேச்சு.

இரண்டாவது: 1968, ஜூன் மாதம். நெசவாளர் கூட்டுறவுச் சங்கக் காரியதரிசி கோதண்டபாணியின் முன்னால் இரண்டு விண்ணப்பங்கள் இருந்தன. ஒன்று, அரசாங்க ஆஸ்பத்திரியில் மூன்றரை வருஷ நர்ஸிங் டிப்ளமோ. மற்றது, சென்னையில் நான்கு வருஷ பி.எஸ்ஸி. நர்ஸிங். இரண்டும் பி.யூ.சி. தேறிய அவர் மகள் கிருஷ்ணவேணிக்கு.

இது போதும்.

அவருக்குப் பட்டம்தான் வேண்டும். டிப்ளமோக்காரி நோயாளியைத் தொட்டுக் கழுவுகிறவள், பட்டக்காரி தள்ளி நின்று உத்தரவு போடுகிறவள் என்பது அவர் எண்ணம். யாரிடமும் விசாரிக்கவில்லை. விசாரிப்பது அவர் வழக்கமில்லை.

“எனக்கு டிப்ளமோ போதும்பா,” என்றாள் கிருஷ்ணவேணி. “சீக்கிரமே வார்டுல வுட்டுருவாங்களாம். அம்மா டைபாய்டுல கெடந்தப்போ அந்த நர்ஸம்மா பக்கத்துல வந்து நின்னாலே பாதி ஜொரம் எறங்கிடும். அந்த மாதிரி நிக்கணும்பா.”

“பட்டம் வாங்கினா நிக்க வேணாம். நாற்காலி போட்டுக் குடுப்பாங்க.”

“நாற்காலியில குந்தறதுக்கு நான் இன்னாத்துக்கு நர்ஸு படிக்கணும்?”

முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த மனைவி பூவம்மாள் சிரித்தாள். “உங்கப்பாவுக்குக் கல்யாணப் பத்திரிகையில உன் பேருக்குப் பின்னாடி பி.எஸ்ஸி.ன்னு போடணும்மா. நர்ஸிங்குன்றத அச்சாபீஸ்காரன் மறந்துடுவான்.”

அவள் சொன்னது உண்மை.

இரண்டுக்கும் போட்டு வைப்போம் என்று மட்டும் சம்மதித்தார்.

3

டிப்ளமோ விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தில் தகப்பனார் கையெழுத்திட வேண்டிய வரி இது: ‘ஆண்கள் வார்டு உட்பட எல்லா வார்டுகளிலும் பணி செய்ய என் மகளுக்குச் சம்மதம் அளிக்கிறேன்.’

சங்கத்தில் ஒரு வரி பிடிக்கவில்லையென்றால் அதை அடித்து, ஓரத்தில் சுருக்கொப்பம் வைப்பார். மறு கேள்வி கிடையாது. இருபது வருஷப் பழக்கம். அதே பேனாவால் ‘ஆண்கள் வார்டு உட்பட எல்லா வார்டுகளிலும்’ என்பதை அடித்தார். மேலே ‘பெண்கள் வார்டில் மட்டும்’ என்று எழுதினார். ஓரத்தில் கோ.பா. வைத்தார். மகளிடம் காட்டாமல் உறையை ஒட்டினார்.

[இந்த இடத்தில் ‘அவர் கை நடுங்கியது’ என்று எழுதி, நீக்கிவிட்டேன். நடுங்கவில்லை.]

சில வாரங்களில் பதில் வந்தது. நிபந்தனையோடு தரும் சம்மதம் ஏற்கப்படாது, விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. சங்க விலாசத்துக்கு வந்ததால் அவர் மட்டுமே படித்தார். வீட்டில், “மார்க்கு பத்தலைன்னு எழுதிட்டாங்க,” என்றார்.

“எவ்ளோ கொறைச்சலாம்பா?”

“அதெல்லாம் எழுதல.”

4

பட்டப் படிப்புக்கு நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டார்கள். சென்னைக்கு அவர்தான் அழைத்துப் போனார். கல்லூரி ஆஸ்பத்திரி வளாகத்துக்குள்ளேயே இருந்தது. திறந்திருந்த கதவுக்கு வெளியே நின்றார். உள்ளே மேஜைக்குப் பின்னால் மூன்று பெண்மணிகள்.

“வேற எங்கேயாவது அப்ளை பண்ணியா?”

“பண்ணேம்மா. டிப்ளமோவுக்கே மார்க்கு பத்தலைன்னு தள்ளிட்டாங்க,” என்றாள் கிருஷ்ணவேணி. தலை நிமிரவில்லை.

கேட்ட அம்மாள் பேனாவை மூடி வைத்தாள்.

(ஒரு பிரதியில் கோதண்டபாணியை உள்ளே நடக்க வைத்தேன். “அம்மா, அது அவள் குறையில்லை” என்று தொடங்கி ஒரு பக்கம் பேசுகிறார். நன்றாகவே வந்திருந்தது. கிழித்துவிட்டேன். அவர் வெளியேதான் நின்றார்.)

அப்போது நோயாளியின் மலப்பாத்திரமான பெட்பேனை மூடி எடுத்துக்கொண்டு ஒரு பெண் வராந்தாவில் வந்தாள்.

“டிப்ளமோ படிக்கிறியாம்மா?” என்று கேட்டார் கோதண்டபாணி.

“இல்லீங்கய்யா, பி.எஸ்ஸி. ரெண்டாவது வருஷம். ஆம்பள வார்டுக்குப் போறேன், கொஞ்சம் நவுந்துக்கோங்க.”

நகர்ந்துகொண்டார்.

தேர்வானவர்கள் பட்டியலில் கிருஷ்ணவேணியின் பெயர் இல்லை.

5

இது 1974. அவள் வீட்டிலிருந்தபடி பட்டு நூல் சுற்றுகிறாள். போன வாரம் பூவம்மாள் எங்கிருந்தோ டிப்ளமோ விண்ணப்பம் ஒன்றை வாங்கி வந்தாள். கிருஷ்ணவேணியின் வயதுக்கு இதுதான் கடைசி வருஷம்.

“வேணாம்மா. எனக்கு அவ்ளோ அறிவு இல்ல. ரெண்டு எடத்துல சொல்லிட்டாங்களே,” என்றாள்.

அழுதுகொண்டு சொல்லியிருந்தால் கோதண்டபாணி தாங்கியிருப்பார். இன்றைக்கு என்ன கிழமை என்பதுபோல் சொன்னாள். ஆறு வருஷமாக அதை நம்பியிருக்கிறாள். அவர் வாயிலிருந்து ஒரு வாக்கியம் வந்தால் போதும், பேனாவை எடுத்து நிரப்பிவிடுவாள். ஆனால் இந்த வீட்டில் அப்பா பொய் சொன்னார் என்று யாரும் சொன்னதில்லை. முதலில் சொல்பவராக அவரே இருக்க வேண்டும்.

அதற்குப் பதிலாகக் கதை எழுதுகிறார். பெயர்களையெல்லாம் மாற்றிவிட்டார். அவளே இதைப் பத்திரிகையில் படித்தாலும், யாரோ ஒரு கிருஷ்ணவேணிக்காக வருத்தப்பட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவாள்.

6

முடிவு ஒன்று: சொல்லிவிடுகிறார். விண்ணப்பத்தின் கடைசிப் பக்கம் கையெழுத்துக்காக அவரிடம் வருகிறது. அதே வரி. அவர் பேனாவை…

இதற்குமேல் எழுத முடியவில்லை. அந்தக் கை இந்த முறை அந்த வரியை விட்டுவைக்குமா என்று எனக்கு உறுதியாகத் தெரியவில்லை.

முடிவு இரண்டு: சொல்லவில்லை. இதை எழுத வேண்டியதில்லை, தினமும் நடக்கிறது.

விண்ணப்பம் சேர வேண்டிய கடைசித் தேதி ஜூலை பதினைந்து. இன்று நான்காம் தேதி. இது அச்சாகி உங்கள் கைக்கு வர இரண்டு மாதமாவது ஆகும். நீங்கள் படிக்கும்போது எல்லாம் நடந்து முடிந்திருக்கும். நடக்காமலும் முடிந்திருக்கும். எது என்பதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

சற்றுமுன் கூடத்திலிருந்து அவள் கேட்டாள். “இன்னாப்பா, காலையிலருந்து எழுதிக்கினே இருக்கீங்க?”

சங்கத்து வேலை என்று சொல்லிவிட்டேன்.