பதினேழாம் எண்ணின் வட்டம்

வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குக் குளிர்ப்பெட்டியைக் காலி செய்யப்போவதாக ஆய்வகத் தலைவியான மேடம் சொல்லியிருந்தார். பலன் காட்டாத கடல் பாக்டீரியாக்களை ஆட்டோகிளேவ் என்ற நீராவிக் கலனில் வேகவைத்துக் கொட்டிவிடுவார்கள். பதினேழாம் எண்ணும் அந்தப் பட்டியலில் இருந்தது. அதனால் 'மறுபடி'க்கு மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை.

'மறுபடி' என்பது ஆய்வகத்தில் அவளுக்கு விழுந்த பெயர். எதை அளந்தாலும் "மறுபடி ஒரு தடவை பாத்துடறேன்" என்பாள். மற்ற பாக்டீரியாக்களெல்லாம் அவள் வருவதற்கு முன்பே சேர்த்துச் சோதித்தவை. பதினேழு மட்டும், அவளே படகுத்துறையில் முழங்கால் தண்ணீரில் நின்று, ஒரு தூணின் வழவழப்பைச் சுரண்டிக் கொண்டுவந்தது.

சோதனை எளிது. பால்பவுடர் கலந்த ஜெல்லித் தட்டு வெள்ளையாக இருக்கும். அதன் நடுவில் பாக்டீரியாவை வைக்க வேண்டும். புரதத்தைச் செரிக்கும் நொதி அதனிடம் இருந்தால், பாலின் புரதம் கரைந்து, சுற்றிலும் கண்ணாடிபோலத் தெளிந்த வட்டம் விழும். பதினேழு மூன்று தடவையும் வட்டம் போடவில்லை. ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்தில் சொட்டுவிட்ட, கடையில் வாங்கிய நொதியும் போடவில்லை. அந்தப் பழியையும் அவள் தன் தலையிலேயே போட்டுக்கொண்டாள்.

நோட்டில் 'நான் செய்திருக்கக்கூடிய தவறுகள்' என்று தலைப்பிட்டுப் பதினான்கு வரி எழுதி முடித்தபோது, கண்ணாடிச் சாமான் கழுவும் அக்கா கையைத் துடைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தாள்.

"என்னடி இது, சுயசரிதையா? தப்பு பண்ண உன்னை விட்டா உலகத்துல வேற ஆளே இல்லையா?"

"கை நடுங்கியிருக்கலாம்க்கா."

"கடையில வாங்கினதுக்குமா கை நடுங்குச்சு?"

அவள் பேனாவை மூடினாள். எல்லாத் தட்டிலும் அவள் கை பட்டிருந்தது, சரி. ஒரே டப்பாவின் பவுடரும்தானே பட்டிருந்தது? ஒரு கரண்டி எடுத்துத் தண்ணீரில் கரைத்து வினிகர் விட்டாள். பாலாக இருந்தால் திரிய வேண்டும். வெள்ளைத் தண்ணீர் அசையாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

"அக்கா, இது பாலே இல்ல."

அக்கா போய், ஆய்வகச் சாமான்களைப் பார்த்துக்கொள்ளும் ஸ்டோர் அண்ணனைக் கையோடு கூட்டிவந்தாள். டப்பாவைப் பார்த்ததும் அவர் முகம் தொங்கிப்போயிற்று.

"டீக்குப் பவுடர் தீந்துபோச்சும்மா. இதுல கொஞ்சம் எடுத்தேன். அப்புறம் கொஞ்சம். ஆனா அப்படியே விட்டுடல, வேற வாங்கி விளிம்பு வரைக்கும் நிரப்பி வெச்சுட்டேன்."

"என்ன வாங்கினீங்க?"

"காபிக்குப் போடுற பொடி. பால் ஒத்துக்காதவங்களுக்குன்னு போட்டிருந்துச்சு. வெள்ளையாத்தானே இருக்கு?"

எண்ணெயும் சர்க்கரையும்தான் அதில் இருந்தன. புரதம் மருந்துக்கும் இல்லை.

"திடீர்னு டீ நல்லா இருந்தப்பவே சந்தேகப்பட்டிருக்கணும்," என்றாள் அக்கா.

மணி மூன்றே முக்கால். மேடம் கையுறை மாட்டிக்கொண்டு குளிர்ப்பெட்டியைத் திறந்துவிட்டிருந்தார்.

"மேடம், பதினேழைக் கொட்டக் கூடாது."

'கூடாது' என்று அவள் சொல்லி அங்கே யாரும் கேட்டதில்லை. மேடம் திரும்பினார்.

"உறுதியாத்தான் சொல்றியா?"

"ஆமா மேடம். தப்பு பதினேழு மேல இல்ல. என் மேலயும் இல்ல. அதுக்குத் தின்னவே எதுவும் கொடுக்கல நாம." விஷயத்தை மூச்சுவிடாமல் சொல்லி முடித்தாள்.

மேடம் சிரிப்பை அடக்கிப் பார்த்துத் தோற்றார். "திங்கக்கிழமை வரைக்கும். நல்ல பவுடரா வாங்கு. டீக்கும் சேத்து."

திங்கள் காலை அவள் தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். கடை நொதி ஒரு வட்டம் போட்டிருந்தது. பதினேழு அதைவிடப் பெரிதாகப் போட்டிருந்தது, இருபத்திரண்டு மில்லிமீட்டர். ஸ்டோர் அண்ணன் தட்டுக்குப் பின்னால் விரலை நீட்டி, "என் நகம் தெரியுது," என்றார் தானே செய்ததுபோல.

"நகத்தை வெட்டுங்க முதல்ல," என்றாள் அக்கா.

மேடம் தட்டை வாங்கி வெகுநேரம் பார்த்தார். "நாளைக்கு அதே துறைக்குப் போ. மிச்சத் தூணையும் சுரண்டிட்டு வா. எத்தனை இருக்கு?"

"நாப்பது மேடம்."

சொல்லும்போதே அது அவளுக்குக் குறைவாகப் பட்டது.