நான்காம் பாடத்து மேதை

என் கணவர் குளியலறைக் குழாய்கள் விற்பவர். ஸ்வீடிஷ் மொழியை எனக்கு முன்னால் தொடங்கியவரும் அவர்தான். பணம் கட்டி ஒரு செயலி, காதை அடைக்கும் ஹெட்போன், தலையணை கனத்தில் ஓர் அகராதி என்று வாங்கி அடுக்கினார். பிரிட்ஜ், கதவு, துடைப்பம் வரைக்கும் ஸ்வீடிஷில் பெயர்ச்சீட்டு ஒட்டினார். என் முதுகு ஒன்றுதான் பாக்கி. நான்காம் பாடத்தோடு எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிட்டார், வாயைத் தவிர.

எனக்கு அது பொழுதுபோக்கு இல்லை. ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸாக வருடக்கணக்கில் நின்று கால் வீங்கியவள் நான். ஸ்வீடனில் ஒரு மருத்துவமனை எங்களைப் போன்றவர்களை வேலைக்கு எடுத்து, மொழியையும் அதுவே ஆன்லைனில் கற்றுத்தருகிறது. வகுப்பில் சேரும் முன் வீடியோவில் கொஞ்ச நேரம் ஸ்வீடிஷில் பேசிக் காட்ட வேண்டும். பெயர், வேலை, குடும்பம், அவ்வளவுதான். பக்கத்திலிருந்து யாராவது எடுத்துக்கொடுத்தால் வாய்ப்பு போச்சு.

ஸ்வீடிஷில் ஏழு என்று சொல்ல, சூடான டீயை ஊதுவதுபோலக் காற்றை விட வேண்டும். வேலை முடிந்து வந்து சமையலறையில் நான் ஊதிப் பழகினால் உடனே ஆஜராகிவிடுவார்.

"அப்படி இல்லம்மா, தொண்டையிலேருந்து வரணும். இங்க பாரு."

எச்சில் தெறித்ததே தவிர, ஏழு வரவில்லை.

பேட்டியன்று கதவைச் சாத்தப் போனேன். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு உள்ளே நுழைந்து, கேமராவில் விழாத பக்கமாகப் போட்டுக்கொண்டார்.

"என்னங்க, கூட யாரும் இருக்கக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. வெளிய இருங்களேன்."

"நான் யாரோவா? நீ பதறிப்போய் உளறினா யாரு காப்பாத்துறது?"

பெரிய ஆபத்பாந்தவர்! அவரை வெளியே தள்ளுவதற்குள் பேட்டி எடுக்கும் ஸ்வீடிஷ் அம்மாள் திரையில் வந்துவிட்டார். பெயரைச் சொன்னேன். வேலையைச் சொன்னேன். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. குடும்பத்தைப் பற்றிக் கேட்டபோது ஒரு கணம் யோசித்தேன். அதைக்கூடப் பொறுக்க முடியாமல் இவர் ஏதோ கிசுகிசுத்தார். அந்த அம்மாளின் புருவம் உயர்ந்தது.

"உங்களுக்கு உதவி செய்ய அங்கே யாராவது இருக்கிறார்களா?" என்று ஸ்வீடிஷில் நிதானமாகக் கேட்டார்.

எனக்குக் கேள்வி புரிந்துவிட்டது. இவருக்கோ கேள்வியில் ஒரு சொல்லும் பிடிபடவில்லை. ஆனாலும் தலையைப் பலமாக ஆட்டி "யா, யா" என்று வாயசைத்தார். ஆமாம் என்று சொல்ல வேண்டுமாம்! அந்த அகராதியை எடுத்து மண்டையிலேயே போடலாம்போல ஆத்திரம் வந்தது.

"நேய்," என்றேன். இல்லை. "யாரும் இல்லை."

அந்த அம்மாள் தலையசைத்து ஏதோ குறித்துக்கொண்டார். பிறகு மிச்சக் கேள்விகளையும் கேட்டுவிட்டு, திங்கட்கிழமை வகுப்புக்கு வந்துவிடுங்கள் என்று சிரித்தார். திரை அணைந்ததும் நாற்காலியிலிருந்து ஒரு குதி குதித்தேன். அவ்வளவு சந்தோஷம்.

இவருக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. "நான் யான்னு சொல்லச் சொன்னா, நீ நேய்ங்கிற. அப்படி என்னதான் கேட்டா அவ?"

"எனக்கு ஒத்தாசைக்கு யாராவது இருக்காங்களான்னு கேட்டாங்க. யாரும் இல்லைன்னு சொன்னேன்."

"அட, என்னைச் சொல்லியிருக்கலாமே!" என்றார்.